விலை குறைந்த முன்சக்கர இயக்கக் கார்கள் பந்தயத்தடத்தில் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்?

அன்றாடப் பயன்பாட்டுக்கென வாங்கிய, முன்சக்கரங்களால் இயங்கும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பந்தயத்தடத்துக்கு எடுத்துச் செல்வதில் பொருள் உண்டா, அங்கே பின்சக்கர இயக்கக் கார்களுக்கு அது ஈடுகொடுக்குமா, ஈடுகொடுக்க வேண்டுமென்றால் பணத்தை முதலில் எதில் போட வேண்டும் என்பதே கேள்வி. பொருள் உண்டு என்பது என் பதில். நன்கு அமைந்த ஒரு ஹாட் ஹேட்ச் (வலுவான எஞ்சின் கொண்ட சிறிய ஹேட்ச்பேக்), தடத்தின் பெரும்பகுதியில் தன்னைவிட மிக விலையுயர்ந்த கார்களின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும். அப்படிப் போகும்போது அதன் எல்லையைத் தீர்மானிப்பவை எஞ்சினைவிட முன்பக்கத்து இரண்டு டயர்களும், முன்பக்கத்தில் சேரும் வெப்பமும்தான். இந்த வகைக் காரைப் பற்றிச் சொல்லத்தக்க எல்லாமே, அதை ஓட்டும் முறை உட்பட, இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் இவற்றால் என்ன முடிந்திருக்கிறது என்று பார்ப்போம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே தடத்தில், முன்சக்கர இயக்க உற்பத்திக் கார்களுக்கான சாதனைக்காகத் தயாரிப்பாளர்கள் பல ஆண்டுகளாகப் போட்டியிட்டு வருகிறார்கள். 2008இல் ரெனோ மெகான் ஆர்26.ஆர் ஏறத்தாழ 8 நிமிடம் 17 விநாடியில் சுற்றி வந்தது. 2014இல் சியாட் லியோன் குப்ரா 7 நிமிடம் 58.44 விநாடியில் வந்து 8 நிமிட எல்லையை உடைத்தது. அதே ஆண்டில் மெகான் ஆர்எஸ் 275 டிராஃபி-ஆர் அதை 7:54.36 ஆகக் குறைத்தது. 2016இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கிளப்ஸ்போர்ட் எஸ் 7:49.21, 2017இல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் 7:43.80 என்று பட்டியல் நீள்கிறது. 2019 முதல் அளவீடு ஏறத்தாழ 20.6 கிலோமீட்டரிலிருந்து முழுச் சுற்றான 20.832 கிலோமீட்டருக்கு மாறியதால் பழைய எண்களையும் புதிய எண்களையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. முழுச் சுற்றில் 2019இன் மெகான் ஆர்எஸ் டிராஃபி-ஆர் 7:45.389 எடுத்தது; 2023இல் புதிய தலைமுறை சிவிக் டைப் ஆர் 7:44.881இல் அதை முந்தியது.

இந்த எண்களை ஒரு சிட்டிகை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். அவை தொழில்முறை ஓட்டுநர்கள், தடத்துக்கென்றே உருவான பிடிமானம் மிக்க டயர்களில், சாதகமான வானிலையைத் தேர்ந்தெடுத்து எடுத்தவை. 2019இன் டிராஃபி-ஆரில் பின் இருக்கைகள் இல்லை; சாதாரண டிராஃபியில் இருந்த, பின்சக்கரங்களையும் திருப்பும் அமைப்பைக் கழற்றிவிட்டார்கள்; மொத்தத்தில் 130 கிலோ குறைத்தார்கள்; 500 கார்கள் மட்டுமே செய்தார்கள். அதை விலை குறைந்த கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் போக்கு கவனிக்கத்தக்கது. 2008 முதல் 2017 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் 33 விநாடி குறைந்திருக்கிறது. இடையில் எஞ்சின் திறன் 230 குதிரைத்திறனிலிருந்து 320க்கு உயர்ந்தது உண்மைதான். ஆனால் டிஃபரன்ஷியலும் (எஞ்சினின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்தளிக்கும் பல்சக்கர அமைப்பு) முன் சஸ்பென்ஷனும் டயரும் மேம்படாமல் இருந்திருந்தால் அந்தக் கூடுதல் திறன் முழுவதும் முன்டயர்களிலிருந்து புகையாகத்தான் வெளியேறியிருக்கும்.

பந்தய வரலாற்றிலும் சான்று உண்டு. 1990களின் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் 1994 முதல் 2000 வரையிலான ஏழு பட்டங்களில் ஆறு முன்சக்கர இயக்கக் கார்களுக்கே கிடைத்தன: ஆல்ஃபா ரோமியோ 155, வாக்ஸ்ஹால் கவலியர், ரெனோ லகூனா, வோல்வோ எஸ்40, நிசான் ப்ரிமேரா, ஃபோர்டு மொன்டேயோ. இடையில் 1996இல் மட்டும் நான்கு சக்கர இயக்க ஆடி ஏ4 வென்றது. விதிகள் முன்சக்கர இயக்கக் கார்களுக்குக் குறைந்தபட்ச எடையில் சலுகை தந்தன என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது; ஆனால் எடைச் சலுகையால் மட்டும் ஏழில் ஆறு கிடைத்துவிடாது. 2015இல் தொடங்கிய டிசிஆர் என்னும் டூரிங் கார் வகைப் பந்தயங்கள் ஒரு படி மேலே போய், 2 லிட்டர் டர்போ எஞ்சினும் ஏறத்தாழ 350 குதிரைத்திறனும் கொண்ட கார்களை முன்சக்கர இயக்கத்தில் மட்டுமே அனுமதித்தன.

இனி இயற்பியல். ஒரு கணக்கை முன்னால் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 1,300 கிலோ எடை, அதில் 62 விழுக்காடு முன்சக்கரங்களின் மீது, எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், முன்பின் அச்சுகளுக்கு இடையே 2.6 மீட்டர் என்று ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது முன்சக்கரங்கள் 806 கிலோவைச் சுமக்கின்றன. 1 ஜி அளவில் (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அளவில்) பிரேக் பிடித்தால் சுமார் 250 கிலோ பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து, முன்சக்கரங்களின் சுமை 1,056 கிலோவாகும். அதாவது காரின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது: எந்தச் சக்கரங்கள் காரை இழுக்க வேண்டுமோ, அவற்றின் மீதிருந்தே எடை விலகுகிறது. டயரின் உராய்வுக் கெழு (சுமைக்கும் பிடிமானத்துக்கும் உள்ள விகிதம்) 1 என்று கொண்டால், இந்தக் கார் நேர்க்கோட்டில் அடையக்கூடிய மிக அதிக முடுக்கம் 0.52 ஜி. எடை சரிபாதியாகப் பிரிந்த பின்சக்கர இயக்கக் கார் ஒன்று, மற்ற அளவுகள் மாறாத நிலையில், 0.62 ஜி அடையும். குறை இவ்வளவுதான், ஆனால் இது எப்போது வெளிப்படுகிறது என்பதுதான் முக்கியமானது.

200 குதிரைத்திறனும் ஓட்டுநரோடு 1,200 கிலோவும் உள்ள காரில், கியர்பாக்ஸ் முதலியவற்றில் ஏற்படும் இழப்பு போக, எஞ்சினின் முழுத் திறனும் டயரின் இழுவை எல்லையை மீறுவது மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகம் வரையில்தான். அதற்கு மேல், நேர்க்கோட்டில், டயரைச் சுழலவைக்க எஞ்சினுக்கே வலு போதாது. எனவே இழுப்பது முன்சக்கரமா பின்சக்கரமா என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. 300 குதிரைத்திறனும் 1,400 கிலோவும் உள்ள காரில் இந்த எல்லை 95 கிலோமீட்டரை நெருங்குகிறது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, மெதுவான ஹேர்பின் (ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்பும்) வளைவுகள் நிறைந்த தடங்களில் முன்சக்கர இயக்கம் இழப்பதும், நடுத்தர, உயர்வேக வளைவுகள் நிறைந்த தடங்களில் அது ஏறத்தாழ எதையும் இழக்காமல் போவதும் இதனால்தான். இரண்டாவது, 200 குதிரைத்திறன் வரை இந்த அமைப்பு இயல்பாகவே நன்றாக வேலை செய்கிறது. 300ஐத் தொடும்போது அதே வேலைக்கு விலையுயர்ந்த பொறியியல் தேவைப்படுகிறது. விலை குறைந்த கார்களில் மிகவும் இனிமையானவை 130 முதல் 200 குதிரைத்திறன் வரையில் அமைந்திருப்பது தற்செயலன்று என்பது என் கருத்து.

மேலே சொன்னது நேர்க்கோட்டுக் கணக்கு. வளைவில் டயர் பக்கவாட்டு விசையையும் தாங்க வேண்டியிருப்பதால் நிலைமை இன்னும் இறுக்கமாகிறது. ஒரு டயரின் பிடிமானம் பக்கவாட்டுக்கும் முன்பின் திசைக்கும் பொதுவான ஒரே கையிருப்பு. அதில் 80 விழுக்காட்டை வளைவதற்குச் செலவிட்டால், இழுக்கவோ பிரேக் பிடிக்கவோ 60 விழுக்காடு மிஞ்சும். முழுவதையும் வளைவதற்கே செலவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பின்சக்கர இயக்கக் காரில் முன்டயர் வளைக்கிறது, பின்டயர் தள்ளுகிறது. இங்கே இரண்டு வேலைகளும், பிரேக்கின் பெரும்பங்கும் சேர்ந்து, ஒரே இணை டயர்களின் மேல் விழுகின்றன. அண்டர்ஸ்டியர் (ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளியே நழுவுவது) என்று நாம் குறை சொல்வதில் பெரும்பகுதி, காரின் பிறவிக்குணம் என்பதைவிட, முன்டயரிடம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கேட்டதன் விளைவு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வளைவில் எடை வெளிப்புறச் சக்கரங்களுக்கு நகர்வதால் உட்புற முன்சக்கரம் இலேசாகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமான முறுக்குவிசையையே தரும் என்பதால், இலேசான சக்கரம் சுழலத் தொடங்கியவுடன், நல்ல பிடிமானத்தோடு இருக்கும் வெளிச்சக்கரத்துக்குக் கிடைப்பதும் அந்தச் சிறிய அளவுதான். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்து, கார் முன்னேறாமல் வெளியே நழுவும் அந்த அனுபவம் இதனால் வருவது. தடத்தில் ஓட்டத்தக்க முன்சக்கர இயக்கக் காரையும் மற்றதையும் பிரிக்கும் ஒற்றைப் பாகத்தைச் சொல்லச் சொன்னால், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைத்தான் சொல்வேன்.

அதில் சில வகைகள் உண்டு. சாய்பற்கள் கொண்ட ஹெலிகல் வகை, பிடிமானம் குறைந்த சக்கரம் தாங்கும் முறுக்குவிசையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையை மற்றச் சக்கரத்துக்கு அனுப்பும். அது சத்தமில்லாதது, தேய்மானம் குறைந்தது, சாலையிலும் தொல்லை தராதது. 1995இல் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் காரில் இருந்ததும், 2018 தலைமுறை ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி காரில் விருப்பத் தேர்வாகத் தரப்பட்டதும் இந்த வகைதான். அதன் பலவீனம், உட்சக்கரம் தரையை விட்டு முற்றிலும் எழுந்துவிட்டால் பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தான் என்பது. கிளட்ச் தகடுகள் கொண்ட வகை அந்த நிலையிலும் பூட்டிக்கொள்ளும். பந்தயக் கார்களில் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் தகடுகள் தேயும், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், மெதுவாகத் திரும்பும்போது ஸ்டீயரிங்கில் எதிர்ப்புத் தெரியும். மூன்றாவதாக மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்ச் வகை. கோல்ஃப் ஜிடிஐயின் ஏழாம் தலைமுறை பெர்ஃபார்மன்ஸ் வடிவத்திலும் ஹுண்டாயின் என் வரிசைக் கார்களிலும் இதைக் காணலாம். இத்தகைய டிஃபரன்ஷியல் இல்லாமல், சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து நிறுத்தி அதே விளைவைப் போலச்செய்யும் மென்பொருள் ஏற்பாடு பல கார்களில் உள்ளது. சாலையில் அது போதுமானது. தடத்தில் அது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் முன் பிரேக்குகளை மேலும் சூடாக்கி, சில சுற்றுகளில் தன் பயனைத் தானே அழித்துக்கொள்ளும்.

நல்ல டிஃபரன்ஷியல் உள்ள காரை ஓட்டும் முறையும் மாறுகிறது. வெளிச்சக்கரத்துக்குக் கூடுதல் விசை போவதால் காரின் மூக்கு வளைவின் உட்பக்கம் இழுபடும். எனவே வெளியே நழுவுவதாகத் தோன்றும் இடத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே கூட்டுவதுதான் மருந்தாகிறது. பழகாதவருக்கு இது முற்றிலும் தலைகீழாகத் தோன்றும். அதிக முறுக்குவிசை உள்ள கார்களில் இந்த இழுப்பு ஸ்டீயரிங்கையும் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். அதைக் குறைக்கத்தான் ஸ்டீயரிங் திரும்பும் அச்சை டம்பரிலிருந்து (ஸ்பிரிங்கின் அதிர்வை அடக்கும் பாகம்) பிரித்துச் சக்கர மையத்துக்கு அருகே கொண்டுவரும் முன் சஸ்பென்ஷன்களை ரெனோ, ஃபோர்டு, ஹோண்டா ஆகிய நிறுவனங்கள் தங்கள் வலுவான ஹேட்ச்பேக்குகளில் பயன்படுத்தின. 2009இன் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 305 குதிரைத்திறனை முன்சக்கரங்களுக்கு மட்டுமே அனுப்பிக்கொண்டும் ஓட்டத்தக்கதாக இருந்தது இதனால்தான்.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். பந்தயத்தில் ஓடும் முன்சக்கர இயக்கக் காரின் படத்தைப் பார்த்தால், வளைவில் அதன் உட்புறப் பின்சக்கரம் காற்றில் தொங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். அது குறையன்று, திட்டமிட்ட விளைவு. காரின் உடல் சாய்வதை எதிர்க்கும் விறைப்பைப் பின்பக்கத்தில் அதிகமாக வைத்தால், பக்கவாட்டு எடைமாற்றத்தில் பெரும்பங்கைப் பின் அச்சு ஏற்றுக்கொள்ளும். முன் அச்சில் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் முன்னைவிடச் சமமாகச் சுமை தாங்கும். சுமை கூடக் கூட டயரின் உராய்வுக் கெழு குறைந்துகொண்டே போகும் என்பதால், இரண்டு டயர்களுக்கும் சமமாகப் பகிர்ந்த சுமை, ஒன்றின் மேல் குவிந்த சுமையைவிட எப்போதும் அதிகப் பிடிமானம் தரும். எனவே முன்னால் பிடிமானம் போதவில்லை என்றால் பின்பக்க ஆன்டி-ரோல் பாரையோ (உடல் சாய்வதைக் குறைக்கும் உலோகத் தண்டு) ஸ்பிரிங்கையோ விறைப்பாக்குகிறார்கள். முன்பக்கத்தை விறைப்பாக்கினால் கார் சுறுசுறுப்பாகத் தோன்றும். சுற்று நேரம் பெரும்பாலும் கெட்டுத்தான் போகும்.

இதே காரணத்தால், பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே முறுக்குத் தண்டால் இணைக்கும் எளிய டார்ஷன் பீம் அமைப்பு இருப்பதைக் கேவலமாகப் பேசுவது பொருளற்றது. மெகான் ஆர்எஸ் கார்கள் மேலே சொன்ன சாதனைகளை டார்ஷன் பீமோடுதான் படைத்தன. சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஃபியஸ்டா எஸ்டி ஆகியவற்றிலும் அதுதான். எடை குறைவு, விலை குறைவு, தேயும் பாகங்கள் குறைவு. மேடு பள்ளமான தடத்தில் பல இணைப்புகள் கொண்ட அமைப்பு மென்மையாகப் போகும் என்பது உண்மை. அதற்கு மேல் இந்த விவாதத்தில் அதிகம் இல்லை.

முன்பக்கத்தில் அக்கறை காட்ட வேண்டியது கேம்பர் கோணத்தில்தான், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தில். சிறிய கார்களில் பரவலான முன் சஸ்பென்ஷன் வகையான மக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் காரின் உடல் சாயும்போது வெளிச்சக்கரமும் சேர்ந்து சாய்ந்து, டயரின் வெளியோரத்தில் மட்டும் நின்றுகொள்ளும். தொழிற்சாலையில் பெரும்பாலான கார்களுக்கு ஒரு டிகிரியை ஒட்டிய எதிர்க் கேம்பர்தான் (சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாய்வது) வைக்கிறார்கள். தடத்துக்கு இரண்டரை முதல் மூன்றரை டிகிரி வரை தேவைப்படும். சரியான அளவை ஊகிக்க வேண்டியதில்லை: வேகமான சுற்றுகளுக்குப் பின் நேராகப் பிட்டுக்கு (தடத்தோரம் கார் நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வந்து, டயர் பரப்பின் உள்ளோரம், நடு, வெளியோரம் ஆகிய மூன்று இடங்களிலும் ஊசி வெப்பமானியால் அளந்தால், வெளியோரம் மிகச் சூடாக இருந்தால் கேம்பர் போதவில்லை, நடுப்பகுதி மிகச் சூடாக இருந்தால் காற்றழுத்தம் அதிகம் என்று டயரே சொல்லிவிடும். கேம்பரைச் சரிசெய்ய ஆகும் செலவு, அதைச் செய்யாததால் ஒரே நாளில் வெளியோரம் தேய்ந்து வீணாகும் ஓரிணை டயரின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவுதான்.

ஓட்டுவதில் முதல் பாடம் பொறுமை. மெதுவான வளைவுகளில் ஏபெக்ஸை (கார் வளைவின் உள்ளோரத்தை மிக நெருங்கும் புள்ளி) சற்றுத் தாமதமாகத் தொட்டு, காரைச் சீக்கிரம் திருப்பி முடித்து, ஸ்டீயரிங் நேராகத் தொடங்கிய பிறகே ஆக்ஸிலரேட்டரை வளர்த்துக்கொண்டு போக வேண்டும். ஸ்டீயரிங்கை எவ்வளவு விடுவிக்கிறீர்களோ அவ்வளவுக்குத்தான் மிதிக்க உரிமை. முன்பக்கம் நழுவும்போது ஸ்டீயரிங்கை மேலும் திருப்புவது எல்லோருக்கும் வரும் இயல்பான எதிர்வினை. அது டயரைத் தேய்த்துச் சூடாக்குவதைத் தவிர எதையும் செய்யாது. சற்றுத் திருப்பத்தைக் குறைத்து, டயர் மீண்டும் கடிக்கும் வரை காத்திருப்பதே வேகமான வழி.

இரண்டாவது, பிரேக்கை வளைவின் உள்ளே வரை மெல்ல மெல்ல விடுவித்துக்கொண்டே போவது. இந்தக் கார்களின் பெரிய பலமே இங்குதான் இருக்கிறது. பிரேக்கின் மேல் கால் இருக்கும் வரை எடை முன்டயர்களின் மீது இருக்கிறது, பின்பக்கம் இலேசாக இருக்கிறது, கார் தானாகவே சுழன்று வளைவுக்குள் வருகிறது. நல்ல முன்சக்கர இயக்கக் காரில் வளைவின் முதல் பாதியைப் பின்பக்கத்தால்தான் திருப்புகிறார்கள். இதன் மறுபக்கம் ஆபத்தானது: வேகமான வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால், அதே எடைமாற்றம் கேட்காமலே நடந்து, பின்பக்கம் வெளியே பாயும். 1980களின் பெஜோ 205 ஜிடிஐ இந்தக் குணத்துக்குப் பெயர்போனது. அப்போது செய்ய வேண்டியது, எதிர்த்திசையில் ஸ்டீயரிங்கைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. முன்சக்கரங்கள் காரை இழுத்து நேராக்கிவிடும். பின்சக்கர இயக்கக் காரில் இப்படி மீட்டெடுக்க முடியாது என்பதால், இவற்றைக் கற்றுக்கொள்பவருக்கு இரக்கம் காட்டும் கார்கள் என்று சொல்வதில் உண்மை உண்டு.

பலரும் எச்சரிக்காத ஒன்று, குளிர்ந்த பின்டயர்கள். முன்டயர்கள் ஒரே சுற்றில் சூடாகிவிடும். இழுக்கவும் இல்லாமல், பிரேக்கிலும் அதிகம் உழைக்காமல் பின்னால் சும்மா உருளும் டயர்கள் சூடாக இரண்டு மூன்று சுற்றுகள் ஆகும். அதற்குள் முன்பிடிமானத்தை நம்பி வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் உடன்வராது. டூரிங் கார் பந்தயங்களின் முதல் சுற்றில் தேர்ந்த ஓட்டுநர்களே சுழன்று நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி வெப்பம். பந்தயத்தடத்தில் இந்தக் கார்களை நிறுத்துவது பெரும்பாலும் வேகக் குறைவன்று, சூடுதான். 1,300 கிலோ காரை மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 80க்குக் கொண்டுவரும்போது 1.3 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கை முன் டிஸ்க்குகள் ஏற்கின்றன. ஒவ்வொன்றும் 7 கிலோ எடையுள்ள இரும்பு டிஸ்க்குகள் என்றால், அந்த ஒரே பிரேக்கில் அவற்றின் வெப்பநிலை 150 டிகிரிக்கு மேல் உயரும். அடுத்த வளைவுக்குள் அது முழுவதும் ஆறாது. டாட் 4 என்ற பிரேக் திரவத் தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிய திரவத்துக்கு 230 டிகிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அந்தத் தரம் கோருவது 155 டிகிரி மட்டுமே. இரண்டு ஆண்டுகளாக மாற்றாத திரவத்தோடு தடத்துக்குப் போவது என்னைக் கேட்டால் பொறுப்பின்மை. பெடல் பஞ்சுபோல் தரைவரை இறங்கினால் திரவம் கொதித்திருக்கிறது. பெடல் கல்லைப்போல் இறுகியிருந்தும் கார் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை அழுத்தும் பேட் தன் வெப்ப எல்லையைக் கடந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறுவேறு என்பதால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடைசிச் சுற்றைப் பிரேக்கே பிடிக்காமல் மெதுவாக ஓட்டி ஆறவைப்பதும், நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக்கைப் போடாமலிருப்பதும் காசில்லாத பாதுகாப்பு.

எஞ்சினும் கியர்பாக்ஸும் டர்போவும், அது அழுத்தும் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரும் ரேடியேட்டரும் ஒரே சிறிய அறைக்குள் நெருங்கியிருப்பதால் குளிர்விப்பதும் கடினம். 2017இல் வந்த சிவிக் டைப் ஆர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெயில் நாட்களில் தொடர்ந்து ஓட்டினால் குளிர்நீர் வெப்பநிலை உயர்கிறது என்ற குறை அதன்மீது எழுந்தது. 2020ஆம் ஆண்டு மாற்றத்தில் முன் கிரில்லின் திறப்பை 13 விழுக்காடு பெரிதாக்கி, ரேடியேட்டரையும் மாற்றி, முன் பிரேக்குகளுக்கு இரண்டு பகுதிகளால் ஆன டிஸ்க்குகளைக் கொடுத்தார்கள். தொழிற்சாலையே தன் மிகச் சிறந்த தடக் காரில் முதலில் திருத்தியது திறனை அன்று, வெப்பத்தை. டர்போ இல்லாத பழைய கார்களில் இந்தத் தொல்லை குறைவு. அவற்றில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டும் டயர்களோடு நீண்ட வளைவில் போகும்போது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும் அபாயம் உண்டு. எனவே எண்ணெய் அளவை அளவுகோலின் மேல் கோட்டிலேயே வைத்துக்கொள்வதும், தேவைப்பட்டால் எண்ணெய்த் தொட்டியில் தடுப்புத் தகடு பொருத்துவதும் நல்லது.

எடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவான கார்களின் உண்மையான சொத்து அதுதான். 1997இன் முதல் சிவிக் டைப் ஆர் 1.6 லிட்டரில் டர்போ இல்லாமல் 185 குதிரைத்திறன் தந்தது; எடை 1,100 கிலோவுக்கும் கீழே. ஜப்பானிய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 970 கிலோவும் 140 குதிரைத்திறனும் கொண்டது. இத்தகைய கார்கள் டயர், டிஸ்க், பேட் மூன்றையும் மெதுவாகத் தின்னும். ஒரு நாள் முழுவதும் ஓட்டிவிட்டு அதே டயரில் வீட்டுக்குத் திரும்ப முடிவதென்பது, வருடத்தில் பலமுறை தடத்துக்குப் போகிறவருக்கு உச்சவேகத்தைவிடப் பெரிய செய்தி. 300 குதிரைத்திறன் கார் ஒரு சுற்றில் விநாடிகளை மிச்சம்பிடிக்கும். அந்த மிச்சத்துக்கு ஈடாக முன்டயர்களை இரட்டை வேகத்தில் கேட்கும்.

ஆகவே செலவின் வரிசையை நான் இப்படி வைப்பேன். முதலில் புதிய, உயர்கொதிநிலைப் பிரேக் திரவமும் தடத்துக்கேற்ற முன் பேட்களும். பிறகு முன் கேம்பரும் நல்ல டயர்களும். காரில் இல்லையென்றால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதன்பின் பின்பக்க ஆன்டி-ரோல் பாரும் டம்பர்களும். டர்போ காராக இருந்தால் எண்ணெய்க் குளிர்விப்பானும் பெரிய இன்டர்கூலரும். டயரில் காற்றழுத்தத்தைச் சூடான நிலையில்தான் சரிபார்க்க வேண்டும்; தடத்தில் அது குளிர்நிலையைவிட 5 முதல் 7 பிஎஸ்ஐ வரை உயர்வது வழக்கம் என்பதால், காலையில் அதற்கேற்பக் குறைத்துத் தொடங்குங்கள். முன்டயர்கள் பின்டயர்களைவிட மிக விரைவாகத் தேயும் என்பதால் இடம்மாற்றிப் போடுவதும் கணக்கில் இருக்கட்டும்; ஆனால் மிகத் தேய்ந்தவற்றைப் பின்னால் போட்டுவிட்டு ஈரத் தடத்தில் இறங்காதீர்கள்.

எஞ்சின் திறனைக் கூட்டுவது இந்தப் பட்டியலில் கடைசி. அதைச் செய்தே தீர வேண்டுமென்றால், மென்பொருளை மாற்றித் தருபவரிடம் முதல் இரண்டு மூன்று கியர்களில் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது டயரால் தாங்க முடியாத முறுக்குவிசையை எஞ்சின் தயாரிப்பதில் பயனில்லை. நான்காம் கியரிலிருந்து முழு அழுத்தமும் கிடைத்தால் போதும், ஏனென்றால் அந்த வேகத்தில்தான் முன்டயர்கள் அதைத் தரையில் இறக்க முடியும்.